பவுனு நின்ற தரை

குதிரையைப் பற்றி இந்த அம்மாளுக்கு என்ன தெரியும் என்று இளம் கால்நடை மருத்துவர்களான உங்களில் சிலர் நினைக்கலாம். நினைப்பதில் தப்பில்லை. என் வேலைக்காலம் முழுக்கத் திருத்துறைப்பூண்டி, மன்னார்குடி, வேதாரண்யம் பக்கத்துக் கால்நடை மருந்தகங்களில்தான் கழிந்தது. சினைக்கு நிற்காத மாடு, வயிறு உப்பிய ஆடு, கோழிக் கழிச்சல். இதுதான் தினப்படி சாப்பாடு. குதிரை என்பது பண்டிகைப் பலகாரம் மாதிரி எப்போதாவது வரும். ஆனாலும் எதையாவது எழுதிக் கொடுங்கள் மேடம் என்று நீங்கள் கேட்டதும் எனக்கு முதலில் ஞாபகம் வந்தது ஒரு குதிரைதான்.

இப்போது தஞ்சாவூரில் மகள் வீட்டு மாடியில் இருக்கிறேன். காலை எட்டு மணியானால் இன்னமும் கை தானாக ஸ்கூட்டர் சாவியைத் தேடுகிறது. மருந்தக வாசலில் வரிசையாகக் கட்டியிருக்கும் மாடுகள், டீக்கடை பாய்லர் புகை, "டாக்டரம்மா வந்தாச்சு" என்று யாரோ யாருக்கோ சொல்லும் குரல், இதெல்லாம் இல்லாமல் ஒரு நாள் தொடங்குவது எனக்குப் பிடிக்கவில்லை. பிடிக்கவில்லை என்று சொல்வதற்கு வெட்கமும் இல்லை. நீங்கள் அலுத்துக்கொண்டு போகிற அதே வேலைக்காகத்தான் நான் ஏங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

கல்லூரியில் குதிரைக் குளம்பைப் பற்றி எல்லாம் படித்தோம். பரீட்சை எழுதினோம், மறந்தோம். அது எனக்கு மறுபடி ஞாபகம் வந்தது கோடியக்கரையில். கோமாரித் தடுப்பூசி முகாமுக்காக அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் அங்கே காட்டுக்குள் தன் போக்கில் திரியும் மட்டக் குதிரைகளைப் பார்ப்பேன். யாரும் வளர்க்காத குதிரைகள். லாடம் கிடையாது, குளம்பு சீவ ஆள் கிடையாது. ஆனால் குளம்பு ஒவ்வொன்றும் அச்சில் வார்த்த மாதிரி குட்டையாக, வட்டமாக இருக்கும். என் குருமார்கள் யார் என்று கேட்டால் அவைதான். பெயர் கிடையாது, சம்பளம் கேட்கவில்லை, "இதுகூடத் தெரியாதா" என்று திட்டவும் இல்லை.

விஷயம் எளிது. குளம்பு நம் நகம் மாதிரி வளர்ந்துகொண்டே இருக்கும். அதைத் தேய்த்துத் தருவது தரை. காய்ந்த மணலும் இறுகிய உப்புத் தரையும் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்க்கும், அடிக்குளம்பைக் காய்ப்பு ஏற வைக்கும். வளர்கிற அளவும் தேய்கிற அளவும் சரியாக இருந்தால் அந்தக் குதிரைக்கு நம் தயவு தேவையில்லை. சேற்றில் நிற்கும் குதிரைக்குத் தேய்மானம் இல்லை. குளம்பு நீண்டு, பக்கவாட்டில் விரிந்து, ஊறிப்போய்விடும். ஊறிய குளம்போடு ஜல்லி ரோட்டில் ஓடவிட்டால் ஒரு மாதத்தில் வளர்ந்தது ஒரு வாரத்தில் உதிர்ந்துவிடும். ஆக, லாடம் அடிக்காத குதிரைக்குத் தரைதான் லாடம். இதற்கு மேல் பாடம் நடத்த மாட்டேன். புத்தகத்தில் இருக்கிறது, படித்துக்கொள்ளுங்கள்.

புத்தகத்தில் இல்லாதது கலியபெருமாள்.

திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே, கடைமடைக் கிராமம் ஒன்றில் விவசாயம் பார்த்தவர். கடைமடை என்றால் உங்களுக்குத் தெரிந்திருக்கும். மேட்டூரில் திறந்த தண்ணீர் எல்லா ஊரையும் நனைத்துவிட்டு, மிச்சமிருந்தால் கடைசியாக எட்டிப் பார்க்கிற இடம். கொஞ்சம் சொந்த நிலம், கொஞ்சம் குத்தகை. பிள்ளைகள் இருவரும் சிங்கப்பூரில். ஊரில் அவரும் மனைவி வசந்தாவும்தான். மனிதருக்குச் சின்ன வயதிலிருந்து குதிரை ஆசை. அறுபதை நெருங்கும்போது அந்த ஆசை நிறைவேறியது. ஒரு பெண்குதிரை வாங்கினார். "பொண்டாட்டிக்கு ஒரு சங்கிலி வாங்கித் தர முடியல, குதிரை வாங்கிட்டாரு பாருங்க" என்று வசந்தா மருந்தகத்துக்கே வந்து என்னிடம் புகார் சொன்னாள். குதிரையின் பெயர் பவுனு. வெயிலில் நின்றால் உடம்பு நிஜமாகவே அப்படித்தான் மின்னும்.

பவுனு வேதாரண்யத்தை அடுத்த தோப்புத்துறையில் நெய்னா முகம்மது என்பவர் வீட்டில் வளர்ந்தது. அவர் உரக்கடை வைத்திருந்தவர். வீட்டுக் கொல்லை முழுக்கக் கடற்கரை மணல். அதைத் தாண்டினால் உப்பளத்து வண்டித்தடம். பவுனு அதில்தான் நடந்தது, ஓடியது. ஒரு நாள்கூட லாடம் அடித்ததில்லை. அந்த வீட்டு மாப்பிள்ளைகள் நிக்காஹ் அன்று குதிரையில் ஊர்வலம் வருவது வழக்கம். அதற்காகவே அந்த வீட்டில் எப்போதும் ஒரு குதிரை இருக்கும். நெய்னா பாய்க்கு முழங்காலில் ஆபரேஷன் ஆகி, மகன் துபாயில் இருக்க, பார்த்துக்கொள்ள ஆளில்லாமல்தான் பவுனைக் கொடுத்தார். கொடுக்கும்போது ஒரே ஒரு நிபந்தனை: "என் மவன் நிக்காஹ்வுக்கு அவன் பவுனு மேலதான் வரணும். அன்னைக்கு ஒரு நாள் அனுப்பிவைக்கணும்." கலியபெருமாள் பவுனின் தலைமேல் கைவைத்து வாக்குக் கொடுத்தார்.

வாங்கியது ஆவணியில். அதற்கப்புறம் அவர் அந்தக் குதிரையைப் பார்த்துக்கொண்ட அழகு இருக்கிறதே, டெல்டாக்காரன் ஒருவனால்தான் முடியும். நமக்கெல்லாம் ஒரு ஜீவன்மேல் பிரியம் வந்துவிட்டால் முதலில் கொடுப்பது தண்ணீர். உழவு மாட்டை எப்படிப் பார்ப்போம்? சாயந்திரம் வாய்க்காலுக்கு ஓட்டிப் போய், முழங்கால் தண்ணீரில் நிறுத்தி, வைக்கோல் பிரியால் தேய்த்து, அது சொக்கி நிற்கும்வரை நின்று, அப்புறம் கொட்டகைக்கு ஓட்டி வருவோம். பவுனுக்கும் அதே உபசாரம். தினமும் வெயில் தாழ்ந்ததும் வாய்க்காலில் இறக்கி வெகுநேரம் நிறுத்துவார். ராத்திரிக்கு மாட்டுக் கொட்டகையில், மாடுகளோடு. கழுவி விட்ட தரை, அதன்மேல் மாட்டு மூத்திரம், சுற்றிலும் சம்பா வயல். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் அந்த வீட்டைச் சுற்றிக் கால் வைக்கக் காய்ந்த இடம் கிடையாது. இருந்த ஒரு திட்டில் வசந்தா விறகு அடுக்கியிருந்தாள்.

நிக்காஹ் தை மாதத்தில். துபாயிலிருந்து மகன் லீவு போட்டு வந்திருந்தான். குதிரை சபையில் அசத்த வேண்டும் என்று கலியபெருமாள் மார்கழி கடைசியில் பவுனைத் தயார் செய்ய ஆரம்பித்தார். பக்கத்தில் புது ரோட்டு வேலை நடந்தது. தார் போடவில்லை, ஜல்லி மட்டும் பரப்பியிருந்தார்கள். சேறு இல்லாத தரை அது ஒன்றுதான் என்று காலையில் அதில் ஓட்டினார். குதிரை லேசாக விந்தியது. கால் சூடாக இருக்கும் என்று வாய்க்காலில் இன்னும் அதிக நேரம் நிறுத்தினார். மறுநாள் மறுபடி ஜல்லி, மறுபடி வாய்க்கால். ஊறவைத்து, தேய்த்து, ஊறவைத்து, தேய்த்து. இட்லிக்கு மாவு அரைக்கிறவள்கூட இவ்வளவு பக்குவமாகச் செய்ய மாட்டாள்.

நிக்காஹ்வுக்கு இரண்டு நாள் முன்னால் காலையில் போன் வந்தது.

"டாக்டரம்மா, பவுனு கால ஊன மாட்டேங்குது. கொஞ்சம் வந்துட்டுப் போங்க."

"எந்தக் கால்?"

"முன்னங்காலு. ரெண்டையுந்தான் மாத்தி மாத்தித் தூக்குது. ஒரு ஊசி போட்டீங்கன்னா சரியாப் போயிரும்."

ஊசி போட்டால் சரியாகப் போய்விடும் என்று மாட்டுக்காரரே முடிவு செய்து சொல்லும் போன்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். உங்களுக்கும் வரும். கோபத்தைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டுப் போங்கள், பாதி நாள் அது தேவைப்படாது.

அங்கே போனால், குதிரை கொட்டகையில் முன்னங்கால்களை முன்னால் நீட்டி, உடம்பைப் பின்னால் சாய்த்து நின்றது. நான் செருப்பைக் கழற்றிவிட்டு அது நின்ற இடத்தில் நின்று பார்த்தேன். இது என் பழக்கம். பாதம் சொதசொதவென்று இறங்கியது. வலது முன்னங்காலைத் தூக்கிக் கட்டைவிரலால் அடிக்குளம்பை அழுத்தினேன். அமுங்கியது. குதிரையின் அடிக்குளம்பு அமுங்கக் கூடாது, தெரியுமில்லையா? குளம்பின் விளிம்பு பிய்ந்து பிய்ந்து போயிருந்தது. ஓரிடத்தில் உள்ளே சீழ் வைத்திருந்தது. அதைக் கீறிவிட்டதும் வந்த நாற்றத்துக்கு வசந்தா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். அடித்தட்டு அவ்வளவு மெலிந்திருந்தது. அதற்குள்ளே எலும்பு. இன்னும் கொஞ்சம் தேய்ந்தால், ஒரு கூர்க்கல்லை மிதித்தால், எலும்பு இறங்கிவிடும். அதற்கப்புறம் அந்தக் குதிரைக்கு நான் செய்யக்கூடிய வைத்தியம் ஒன்றே ஒன்றுதான், அதைச் செய்ய எனக்குக் கை வராது.

நான் கட்டுப்போட்டுக்கொண்டிருக்கும்போதே வாசலில் கார் வந்து நின்றது. நெய்னா பாய், கூட மகன். ஊர்வலத்துக்குக் குதிரையை முன்கூட்டியே பார்த்து, சேணம் அளவெடுத்துப் போகலாம் என்று வந்திருக்கிறார்கள். கையில் ஜரிகை வைத்துத் தைத்த புதுத் துணி. கலியபெருமாள் முகத்தில் ஈயாடவில்லை.

நெய்னா பாய் பவுனைப் பார்த்தார். கையிலிருந்த துணியை மகனிடம் கொடுத்துவிட்டுக் குதிரையின் கழுத்தைத் தடவினார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"டாக்டரம்மா, நாளை மறுநா நிக்காஹ். பள்ளிவாசல் தெருவுல ஆரம்பிச்சு பொண்ணு வீடு வரைக்குந்தான். ஒரு மணி நேரம். அதுக்கு மட்டும் வலி தெரியாம ஊசி போட்டுருங்க. அப்பறம் எத்தன மாசம் வேணும்னாலும் வைத்தியம் பாருங்க."

"போட முடியாது பாய்."

"ஏன் முடியாது? மருந்து இல்லியா?"

"மருந்து இருக்கு."

இந்த இடத்தில்தான் நீங்கள் என்னைக் கவனிக்க வேண்டும். மருந்து பெட்டியில் இருந்தது. போட்டால் குதிரை நடக்கும், அதுவும் கம்பீரமாகவே நடக்கும். எல்லோரும் என்னைக் கும்பிடுவார்கள். கலியபெருமாளின் வாக்கு பிழைக்கும். அவரைப் பார்த்தேன். இரண்டு கையையும் மார்போடு கட்டி நின்றார், கண் மட்டும் கெஞ்சியது. அதற்குள் நெய்னா பாய் போனில் யாரையோ கூப்பிட்டு, என்னிடம் கொடுத்துப் பேசச் சொன்னார். பேசியவர் ஊரில் பெரிய மனிதர். "ஒரு கல்யாண காரியம்மா, கொஞ்சம் அனுசரிச்சுப் போங்க" என்றார். "நீங்க போடலன்னா வேற ஆளு வந்து போட்டுட்டுப் போவாங்க, அம்புட்டுத்தான்" என்றும் சொன்னார். அது உண்மை என்று எனக்கும் தெரியும். நம்மைத் தடுமாற வைப்பது எப்போதுமே இந்த உண்மைதான். நான் செய்யாவிட்டாலும் நடக்கப்போகிறதே, நானே ஜாக்கிரதையாகச் செய்துவிட்டால் என்ன என்று ஒரு புத்தி சொல்லும். அந்தப் புத்தி கெட்டது. அதன் பேச்சைக் கேட்காதீர்கள்.

வலி என்பது வீட்டுக்குக் காவல் இருக்கிற நாய் மாதிரி. குரைப்பது தொந்தரவுதான். அதற்காக மருந்து வைத்துத் தூங்கப்பண்ணிவிட்டுக் கதவைத் திறந்து போட்டால் என்ன ஆகும்? காலில் வலி தெரியாத குதிரை தன் முழு எடையையும், மேலே உட்கார்ந்த மாப்பிள்ளையின் எடையையும், அந்தக் காகித அடித்தட்டின்மேல் தூக்கி வைக்கும். தார் ரோட்டில். இதை வாயால் சொல்லி யாருக்கும் புரியவைக்க முடியாது. நான் போனை வைத்துவிட்டு, "பாய், இங்க வாங்க. கையக் குடுங்க" என்றேன். பவுனின் இன்னொரு முன்னங்காலை மடியில் ஏந்திக்கொண்டு அவர் கட்டைவிரலை அடிக்குளம்பில் வைத்து அழுத்தச் சொன்னேன்.

அழுத்தினார். வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டார்.

"இதுக்குள்ளதான் எலும்பு இருக்கு பாய். நாளை மறுநா நடந்தா அது வெளிய வந்துரும். அப்பறம் பவுனு எந்திரிக்காது."

நெய்னா பாய்க்கு வந்த கோபம் என்மேல் இறங்கவில்லை. கலியபெருமாளின்மேல் இறங்கியது. "என்னா பண்ணி வச்சிருக்கீங்க? கருங்கல்லு மாதிரி காலோட குடுத்தேனே! உப்பளத்துல வெறுங்காலோட பறந்த குதிரைய்யா இது. எருமை மாதிரி சேத்துல போட்டு ஊற வச்சிருக்கீங்களே!"

கலியபெருமாள் ஓரடி முன்னால் வந்தார். "நான் குறை வைக்கல பாய். எம்புள்ளைங்களக்கூட இப்படிப் பாத்ததில்ல. தெனம் வாய்க்கால்ல நிறுத்தி, குளுமையா... சேறு ஆகாதுன்னு எனக்கு எப்படித் தெரியும்? எங் காலு வருசம் பூரா அதுலதானே கெடக்கு."

அப்போதுதான் எல்லோரும் அவர் காலைப் பார்த்தோம். விரலிடுக்கெல்லாம் சேற்றுப்புண், வெளுத்து ஊறிப் பிளந்திருந்தது. குதிகாலில் பாளம் பாளமாக வெடிப்பு. பவுனின் காலும் அவர் காலும் ஒரே கொட்டகைத் தரையில் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. நெய்னா பாய் அதையே கொஞ்ச நேரம் பார்த்தார். அதற்குப் பிறகு அவர் சத்தம் போடவில்லை.

முதலில் பேசியது மாப்பிள்ளைப் பையன்தான். "வாப்பா, நான் நடந்தே வர்றேன். இத நொண்ட வச்சு அதுமேல உக்காந்து வந்து எனக்கு ஒரு நிக்காஹ் வேணாம்" என்றான். அந்தப் பிள்ளை இப்போது எந்த நாட்டில் இருந்தாலும் நன்றாக இருக்கட்டும். அவன் அப்படிச் சொல்லியிராவிட்டால் நான் எவ்வளவு நேரம் தாக்குப்பிடித்திருப்பேன் என்று தெரியாது.

ஒரு பிரச்சினை முடிந்தது. உண்மையான பிரச்சினை இனிமேல்தான். கட்டும் மருந்தும் நான் கொடுக்கலாம். தரைக்கு எங்கே போவது? இந்தக் கொட்டகையில் இருக்கும்வரை பவுனுக்குக் குணமாகாது. "மாட்டுக்கு அடிக்கிற மாதிரி லாடம் அடிச்சுரலாமா?" என்றார் கலியபெருமாள். உளுத்த பலகையில் ஆணி நிற்காது என்றேன். நல்ல குளம்பு மேலிருந்து வளர்ந்து கீழே இறங்க ஒரு வருடம் ஆகும். அந்த ஒரு வருடமும் அது காய்ந்த மணலில் நிற்க வேண்டும்.

"அப்ப... பவுனத் திருப்பிக் குடுத்துரணுமா டாக்டரம்மா?"

நான் பதில் சொல்லத் தயங்கினேன். வசந்தா தயங்கவில்லை. குதிரை வாங்கியதற்காக மாதக்கணக்கில் அவரைக் கரித்துக்கொட்டியவள், "அனுப்பிருங்க. உசுரோட இருந்தா எங்க இருந்தா என்ன" என்று சொல்லிவிட்டு, உள்ளே போய்க் கதவுக்குப் பின்னால் நின்று அழுதாள்.

நெய்னா பாய், "குடுக்க வாணாம். உங்க குதிரை உங்க குதிரைதான். எங் கொல்லையில நிக்கட்டும். எனக்கும் ஆபரேசன் பண்ண டாக்டரு நடக்கச் சொல்லிருக்காரு, துணைக்கு ஆளு வேணும்" என்றார். மறுநாளே ஒரு குட்டி யானை மினி லாரியில் வைக்கோல் மெத்தை போட்டுப் பவுனை ஏற்றினோம். நிக்காஹ் ஊர்வலத்தில் மாப்பிள்ளை நடந்துதான் வந்தான். ஊரில் பேசாதவர்கள் இல்லை. அந்த ஜரிகைத் துணி மடித்தபடியே பெட்டிக்குள் போனது.

அதற்கப்புறம் ஒரு வருடம். வேதாரண்யம் பஸ்ஸில் நான் போகும்போதெல்லாம் கலியபெருமாளைப் பார்த்தேன். வாரம் தவறாமல் பவுனைப் பார்க்கப் போவார். மடியில் ஒரு பொட்டலம் வெல்லம். "காலு எப்படிங்க இருக்கு?" என்று நான் கேட்டால், சேதி சொல்வார்: நேற்று இவ்வளவு தூரம் நடந்தது, ஓரத்தில் புதுக் குளம்பு தெரிகிறது, பாய் கூப்பிட்டால் போகிறது. கடைசியைச் சொல்லும்போது மட்டும் குரல் இறங்கும். அந்த பஸ் பயணங்களை நான் இப்போதும் நினைத்துக்கொள்கிறேன். ஜன்னலில் உப்புக்காற்று, பக்கத்துச் சீட்டில் குதிரைக் கதை. வேலை என்று அதற்குச் சம்பளமும் கொடுத்தார்கள்.

மறு வருடம் பங்குனியில் பவுனின் நான்கு கால்களையும் தூக்கிப் பார்த்தேன். குளம்பு வட்டமாக, கொட்டாங்கச்சி மாதிரி கெட்டியாக இருந்தது. உப்பளத் தடத்தில் ஓடவிட்டுப் பார்த்தோம். நெய்னா பாய் கைதட்டினார். கலியபெருமாள் என்னிடம் வந்து, மெதுவாக, "கூட்டிக்கிட்டுப் போகலாங்களா?" என்றார்.

அறிவு, இல்லை என்று சொல் என்றது. குணமான மண்ணைவிட்டுக் கெடுத்த மண்ணுக்கே அனுப்புவது என்ன வைத்தியம்? "ரெண்டு நாள்ல சொல்றேன்" என்று தப்பித்து வந்துவிட்டேன். வாய்க்குள் அந்த 'இல்லை'யை வைத்துக்கொண்டுதான் மறுநாள் அவர் ஊர்ப் பக்கம் ஒரு கன்று ஈனும் கேஸுக்குப் போனேன். வேலை முடிந்து குறுக்கே வயலில் இறங்கி நடந்தேன். செருப்பின் வார் அறுந்துவிட்டது. வெறுங்காலோடு நாலு எட்டு வைத்ததும் சுள்ளென்று சுட்டது. நின்று கீழே பார்த்தேன்.

சம்பா அறுத்து, உளுந்தும் எடுத்தாகிவிட்டது. வயல் பாளம் பாளமாக வெடித்து, செங்கல் சூளைத் தரையாகக் கிடந்தது. கார்த்திகையில் முழங்கால்வரை இழுத்த அதே மண். வாய்க்காலில் ஒரு சொட்டு இல்லை, ஆடுகள் அதற்குள் மேய்ந்துகொண்டிருந்தன. எனக்கு நானே தலையில் குட்டிக்கொண்டேன். இத்தனை வருடமாக இது சேற்று ஊர், அது மணல் ஊர் என்று பெயர் எழுதி ஒட்டிவைத்துக்கொண்டிருக்கிறேனே! தரைக்கும் மாதம் உண்டு. ஊரைக் கேட்டால் போதாது, எந்த மாதம் என்றும் கேட்க வேண்டும். நான் இந்தக் கதையைச் சொல்ல வந்ததே இந்த ஒரு வரிக்காகத்தான்.

கலியபெருமாளிடம் சொன்னேன்: "கூட்டிட்டு வாங்க. மொதல்ல காலையில கொஞ்ச நேரம், அப்பறம் கூட்டிக்கலாம். கொட்டகையில கட்டக் கூடாது, களத்துலதான் நிக்கணும். கோடை பூரா உங்ககிட்ட இருக்கட்டும். ஆனா வாய்க்காலுக்குத் தண்ணி வந்த அன்னைக்கே தோப்புத்துறைக்குக் கெளம்பிரணும். ஒரு நாள் தள்ளிப்போட்டாலும் நான் வைத்தியத்துக்கு வர மாட்டேன்."

"சரிங்க, சரிங்க" என்றார். அப்போதிருந்த சந்தோஷத்தில் நான் சொன்னதன் அர்த்தம் அவருக்கு முழுதாகப் புரியவில்லை. எனக்கும்தான்.

அந்தக் கோடையில் பவுனு வெடித்த வயல்களில் ஓடியதை ஊரே நின்று பார்த்தது. நான் அந்த வருடம்தான் ஓய்வு பெற்றேன். ஆடியில் ஒரு நாள் கலியபெருமாளிடமிருந்து போன். "தண்ணி மதகுக்கு வந்துருச்சாம் டாக்டரம்மா. காலைல நம்ம வாய்க்காலுக்கு வந்துரும்" என்றார். ஏதோ துக்கச் செய்தி சொல்லும் குரல். நான் பஸ் ஏறிப் போனேன்.

கடைமடையில் தண்ணீர் வரும் நாள் திருவிழா. வாய்க்கால் கரையில் பெண்கள் பூவோடும் நெல்லோடும் நின்றார்கள். நுரையும் சருகுமாகத் தண்ணீர் முகம் காட்டியதும் குலவைச் சத்தம். ரோட்டில் நெய்னா பாய் வண்டியோடு காத்திருந்தார். கலியபெருமாள் பவுனை ஏற்றிவிட்டுக் கயிற்றை விடாமல் நின்றார். கூடப் போக முடியாது. அன்றைக்கு மடை திருப்பாவிட்டால் அவர் முறை போய்விடும், அப்புறம் நாற்றங்காலுக்குத் தண்ணீர் இல்லை.

"கலியபெருமாளு, வாய்யா! தண்ணி வந்துருச்சு!" என்று கரையிலிருந்து கூப்பிட்டார்கள்.

கயிற்றைப் பாயின் கையில் கொடுத்தார். வண்டி திரும்பி மறையும்வரை அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கரைக்கு வந்து, வசந்தா கையிலிருந்த நெல்லில் ஒரு பிடி வாங்கித் தண்ணீரில் போட்டார். தாரை தாரையாகக் கண்ணீர். என் வேலைக்காலத்தில் காவிரித் தண்ணீர் வரவில்லை என்று அழுத விவசாயிகளை நிறையப் பார்த்திருக்கிறேன். வந்துவிட்டதே என்று அழுதவரை அன்றுதான் பார்த்தேன்.

"வரட்டுங்க டாக்டரம்மா, வரட்டும். இது வராம சோறு ஏது" என்று துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, மண்வெட்டியோடு சேற்றில் இறங்கினார்.